மனம் வரும் வரை காத்திருக்கலாமா?

(அதியமான்கோட்டையிலிருந்து வரும் மாணவியர் எழுவர், பதினோராம் வகுப்பு)

“சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும்” என்பது நம் முன்னோர் சொல்லிச் சென்ற பழமொழி. உடல் நலம் பற்றிப் பள்ளி மலரில் எழுதப் புகுவோர் பெரும்பாலும் இந்தப் பழமொழியில்தான் தொடங்குவார்கள். நாங்களும் அவ்வாறே தொடங்குகிறோம். ஆயினும், உடல் நலத்தின் அருமையை எடுத்துச் சொல்வது எங்கள் நோக்கமன்று. அதன் அருமையை அறியாதவர் நம்முள் யார்? காலையில் எழுந்து நடக்க வேண்டும், கீரையும் பழமும் உண்ண வேண்டும், நேரத்தில் உறங்க வேண்டும் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். அறிந்த பின்பும் இந்த நல்ல பழக்கங்கள் ஏன் பத்து நாளைக்கு மேல் தங்குவதில்லை, தங்கச் செய்வதற்கு என்ன வழி என்பதைப் பற்றியே அன்புத் தோழியரோடும், அருட்சகோதரியரோடும், பெற்றோரோடும் சில சொற்கள் பேச விரும்புகிறோம்.

தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரைத் தாங்கிய ஊர். அந்த மன்னனுக்கும் ஔவையாருக்கும் இங்கே ஒரு கோட்டம் உண்டு. நீண்ட நாள் வாழ வைக்கும் அருநெல்லிக் கனியைத் தான் உண்ணாமல், அதன் பெருமையைச் சொல்லாமலே ஔவையாருக்கு அளித்தான் அதியமான் என்னும் செய்தியைச் சங்க இலக்கியம் காத்து வைத்திருக்கிறது. எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டதும் எந்த ஆசிரியையும் முதலில் நினைவுகூர்வது அந்த நெல்லிக்கனியைத்தான். ஒரு கனியை ஒரே ஒரு முறை உண்டு நெடுங்காலம் வாழும் பேறு ஔவையாருக்குக் கிடைத்தது. நமக்கோ அப்படிப்பட்ட கனி இல்லை. நமக்குக் கிடைப்பவை எல்லாம் சின்னச் சின்னக் கனிகள். இன்று ஒன்று, நாளை ஒன்று என்று நாள் தவறாமல் உண்டால்தான் பலன் தரும். அதில்தான் சங்கடம் இருக்கிறது.

ஜனவரி முதல் தேதியை நினைத்துப் பாருங்கள். புது நாட்குறிப்பு வாங்கி, அதன் முதல் பக்கத்தில் “தினமும் ஒரு மணி நேரம் ஓடுவேன், இனி இனிப்பே தொடமாட்டேன்” என்று எழுதுவோர் எத்தனை பேர்! பொங்கல் வருவதற்குள் அந்தப் பக்கம் மூடிக் கிடக்கும். பள்ளி விளையாட்டு விழா முடிந்த மறுநாளும் இதே கதைதான். வெற்றி பெற்றவளைப் பார்த்த வேகத்தில் பத்துப் பேர் மைதானத்தைச் சுற்றி ஓடுவார்கள். மூன்றாம் நாள் கால் வலி வரும். நான்காம் நாள் மைதானம் காலியாகும். அவர்களுக்குப் புத்தி இல்லை என்றோ உறுதி இல்லை என்றோ நாங்கள் சொல்லமாட்டோம். அவர்கள் பிடித்துக்கொண்ட கயிறு உற்சாகம் என்னும் கயிறு. உற்சாகம் ஓர் உணர்ச்சி. எந்த உணர்ச்சியும் வருவது போலவே போய்விடும். அது போன பின் பிடித்துக்கொள்ள வேறு ஒன்றும் இல்லாதபோது பழக்கமும் அதனுடன் போய்விடுகிறது.

இதற்கு மாறான காட்சியை எங்கள் வீடுகளிலேயே நாள்தோறும் காண்கிறோம். எங்களுள் மூவர் வீட்டில் கறவை மாடு உண்டு. விடியற்காலை ஐந்து மணிக்கு அம்மா பால் கறக்க உட்காருவார். சங்கத்துக்குப் பால் போய்ச் சேரும் நேரம் குறித்த நேரம். முந்தின நாள் வீட்டில் சண்டை நடந்திருக்கலாம். சாவு வீட்டுக்குப் போய் வந்திருக்கலாம். மகள் பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கிய மகிழ்ச்சியாகவும் இருக்கலாம். எதுவானாலும் ஐந்து மணிக்குக் கறந்தாக வேண்டும். இன்னொருத்தி வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். புழுவுக்கு மல்பெரித் தழை போடும் வேளை வந்துவிட்டால் போட்டே ஆக வேண்டும். கூடு கட்டுவதற்கு முந்திய சில நாட்களில் அது தின்கிற தின்னுக்கு வீட்டில் யாருக்கும் உட்கார நேரம் இராது. “இன்று தழை போட எனக்கு மனம் வரவில்லை” என்று அந்த வீட்டில் யாரும் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. அந்தக் கேள்வியே அங்கு எழுவதில்லை.

எங்கள் ஊர்க் காலபைரவர் கோயிலுக்குத் தேய்பிறை அஷ்டமிதோறும் வெளியூர்களிலிருந்தும் கூட்டம் கூட்டமாக மக்கள் வருகிறார்கள். ஞாயிறுதோறும் பூசைக்குச் செல்லும் நம் தோழியர் குடும்பங்களும் அப்படித்தான். நாள் வந்தால் புறப்படுகிறார்கள். அன்றைக்கு மனம் எப்படி இருக்கிறது என்று சோதித்துப் பார்த்துவிட்டு யாரும் செருப்பை மாட்டுவதில்லை. முடிவை நாள்காட்டி எடுத்துவிடுகிறது. மனிதர் அதற்குப் பின்னால் நடக்கிறார்கள். பல் துலக்குவதும் இப்படித்தான். பல் துலக்க இன்று உற்சாகமாக இருக்கிறதா என்று நம்மை நாமே கேட்டுக்கொண்டால், பாதிப் பேருக்குப் பல் இராது!

ஆகவே எங்கள் கருத்து இது: உடல் நலப் பழக்கங்களை மாட்டுக் கொட்டகை வேலையின் வரிசையில் சேர்த்துவிட வேண்டும். அவற்றை உணர்ச்சியின் கையில் விடக்கூடாது. உணர்ச்சி ஏன் இதற்கு நல்ல வழிகாட்டியன்று என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே மூன்று சான்றுகள் உண்டு.

முதலாவது, தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு என்னும் உப்பு மிகுதியாக உண்டு. ஒரு லிட்டர் குடிநீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. அதற்கு மேற்பட்ட நீரைச் சிறு வயதில் ஆண்டுக்கணக்கில் குடித்தால் முளைக்கும் பற்களில் பழுப்புக் கறை படியும். மிகுதியாக உள்ள நீரைத் தொடர்ந்து பல ஆண்டுகள் குடித்தால் எலும்புகளும் மூட்டுகளும் இறுகி, முதுகு வளையாமல் போகும். வந்த கறையும் இறுகிய மூட்டும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஃபுளூரைடுக்குச் சுவை இல்லை, நிறம் இல்லை, மணமும் இல்லை. கொதிக்க வைத்தாலும் அது போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடவே செய்யும். நம் நாக்கும் மனமும் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்துவிட்டு, “குளுகுளுவென்று நன்றாயிருக்கிறதே” என்றுதான் சொல்லும்.

இந்தக் கேட்டைத் தணிப்பதற்காக, ஜப்பான் நாட்டு நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு 2013 ஆம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரி நீர் குழாய் வழியே இரு மாவட்டங்களின் ஊர்களுக்கும் வந்தது. ஆனால் அந்த நீரைப் பிடித்து வைத்துக் குடிப்பது நம் வேலை. குழாயில் நீர் வரும் நேரத்தில் குடத்தை வைக்க வேண்டும். பள்ளிக்குப் புறப்படும்போது அந்தக் குடத்திலிருந்து பாட்டிலை நிரப்ப வேண்டும். இன்று அந்த நீரைக் குடித்ததால் இன்று ஒரு சுகமும் தெரியாது. நாளையும் தெரியாது. நாற்பது ஆண்டுகள் கழித்து, நாம் குனிந்து பேரக்குழந்தையைத் தூக்கும்போதுதான் தெரியும். அவ்வளவு தொலைவில் இருக்கும் பலனுக்காக இன்றைய மனம் எப்படித் துள்ளும்? துள்ளாது. அதனால்தான் மனத்தைக் கேட்காமல் பாட்டிலை நிரப்ப வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, இரத்தச் சோகை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தச் சோகை இருக்கிறது. நம் வகுப்பில் ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தால் அதில் எத்தனை பேர் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். நம் வயதுப் பெண்களுக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 12 கிராமாவது ஹீமோகுளோபின் இருக்க வேண்டும். எங்கள் எழுவருள் ஒருத்திக்குப் பரிசோதனையில் 9.4 என்று வந்தது. அதற்கு முன் ஓராண்டாக அவள் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். மாலையில் வீட்டுக்கு வந்ததும் பையைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவாள். உறவினர் பலரும் அவளைச் சோம்பேறி என்று சொன்னார்கள். அவளும் அதை நம்பி, தனியே அழுதுகொண்டிருந்தாள். உடலில் இரும்புச் சத்து குறைந்ததை, குணத்தில் ஏதோ குறை என்று எல்லாரும் எண்ணிவிட்டார்கள். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் தந்த மாத்திரையை மாதக்கணக்கில் நாள் தவறாமல் உட்கொண்ட பின், அவளுடைய அளவு 11.8 ஆயிற்று. இப்போது நடையில் அவள்தான் எங்களுக்கு முன்னால் போகிறாள்.

இதைத் தடுப்பதற்கென்றே, வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒரு முறை இரும்புச் சத்து மாத்திரை வழங்கும் திட்டம் 2012 ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் நடந்து வருகிறது. அந்த நீல நிற மாத்திரையை நம்மில் பலரும் பார்த்திருப்போம். 2018 இல் வகுத்த வழிமுறைப்படி அதில் 60 மில்லிகிராம் இரும்புச் சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். இந்தத் திட்டத்தில் எங்களைக் கவர்ந்தது மாத்திரையைக் காட்டிலும் அதைத் தரும் முறை. வாரத்தில் குறித்த ஒரு கிழமை, உணவுக்குப் பின், ஆசிரியை முன்னிலையில். யாருக்கு மனம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று அங்கே வாக்கெடுப்பு நடப்பதில்லை. கிழமை வந்தால் மாத்திரை. சிலருக்கு முதலில் வயிறு சற்றுப் புரட்டும். வெறும் வயிற்றில் இல்லாமல் சாப்பிட்ட பின் போட்டுக்கொண்டால் அது குறையும். மாத்திரை போட்டவுடன் தேநீர் குடித்தால் இரும்புச் சத்து உடலில் சரியாகச் சேராது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் அதிலுள்ள வைட்டமின் சி, உணவிலுள்ள இரும்புச் சத்து சேர்வதற்குத் துணை செய்யும். எங்கள் ஊர் நெல்லிக்கனி இந்த இடத்திலும் வந்து நிற்பதைப் பாருங்கள்!

மூன்றாவது, எங்கள் தெருவில் நடந்தது. அங்கே ஒரு பாட்டி இருக்கிறார். கேழ்வரகுக் களி கிண்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. விசேஷ வீடுகளில் பெரிய பாத்திரத்தில் களி கிண்ட அவரைத்தான் அழைப்பார்கள். கட்டி தட்டாமல், துடுப்பைச் சுழற்றுகிற அவர் கையையே நாங்கள் சிறு பிள்ளைகளாக நின்று பார்த்ததுண்டு. அவருக்கு இரத்த அழுத்தம் இருந்தது. மருத்துவர் மாத்திரை எழுதித் தந்தார். ஆறு மாதம் ஒழுங்காகப் போட்டார். பிறகு, “எனக்கு ஒன்றும் இல்லையே, நன்றாகத்தானே இருக்கிறேன், எதற்கு மாத்திரை?” என்று நிறுத்திவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்கு நன்றாக இருந்தது. இரத்த அழுத்தம் பெரும்பாலும் வலியோ தலைசுற்றலோ தராமலே கூடும். மாத்திரையால் நன்றாக இருந்ததை, மாத்திரை வேண்டாத அளவுக்கு நன்றாகிவிட்டதாக அவர் எண்ணிக்கொண்டார். ஒரு நாள் காலையில் வாய் கோணி, வலக்கை விழுந்துவிட்டது. பக்கவாதம். உயிர் பிழைத்தார். ஆனால் அந்தக் கை இன்று துடுப்பைப் பிடிப்பதில்லை. ஒரு தம்ளரைப் பிடிக்கவே அது நடுங்குகிறது. 

இப்படிப்பட்டவர்களுக்காகவே, இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்து தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், 2021 ஆகஸ்ட் 5 அன்று நமக்கு அண்டையிலுள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்டது. மாத்திரை வாசலுக்கு வரலாம். வாயில் போட்டுக்கொள்வது வீட்டிலுள்ளவர் கையில்தான் இருக்கிறது. தோழியரே, இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் பாட்டி, தாத்தா, அம்மா, அப்பா ஆகியோரின் மாத்திரை அட்டையைப் பாருங்கள். “எப்படி இருக்கிறது?” என்று கேட்பதோடு நிற்காமல், “போட்டீர்களா?” என்றும் கேளுங்கள்.

அறிஞர் பலரும் இதைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார்கள். 1953 இல் இலண்டன் மாநகரில் ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவரும் அவரது குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அந்நகரின் மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார்; நடத்துநர் நாள் முழுவதும் மாடிப்படி ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுப்பார். ஓட்டுநரைவிட நடத்துநருக்கு இருதய நோய் குறைவாக இருந்தது. அந்த நடத்துநர்கள் யாரும் தேகப்பயிற்சி செய்வதாக எண்ணிப் படி ஏறவில்லை. உற்சாகம் பொங்கி ஏறவில்லை. பயணி மேலே இருந்தார், ஏறினார்கள். மனம் எப்படி இருந்தாலும் ஏறிய படி உடலில் வரவாகிவிட்டது.

ஜப்பான் நாட்டில் 1928 ஆம் ஆண்டில் வானொலி வழியாகத் தேகப்பயிற்சி தொடங்கியது. இடையில் சில ஆண்டுகள் நின்று, 1951 இல் புது வடிவில் மீண்டும் வந்து, இன்றும் காலை 6.30 மணிக்கு ஒலிக்கிறது. இசை தொடங்கியதும் முதியவரும் சிறுவரும் பூங்காவில் நின்று கைகால்களை அசைக்கிறார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். எளிய அசைவுகள்தான். அது நிலைத்து நிற்பதற்குக் காரணம் அதன் நேரம் நிலையாக இருப்பதே என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

ஒரு பழக்கம் தானாக நடக்கத் தொடங்க எத்தனை நாள் ஆகும்? இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி என்பவர் 96 பேரை வைத்து ஆராய்ந்து 2009 இல் வெளியிட்டார். சராசரி 66 நாள் என்று கண்டார். சிலருக்கு 18 நாளே போதுமானதாயிற்று. சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கில் வந்தது. தேகப்பயிற்சி போன்றவற்றுக்குக் கூடுதல் நாள் பிடித்தது. அந்த ஆய்வில் நமக்கு ஆறுதல் தரும் செய்தி ஒன்றும் உண்டு: இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் கெட்டுவிடுவதில்லை. மறுநாள் தொடர்ந்தால் போதும்.

இவற்றை எல்லாம் மனத்தில் கொண்டு, இந்தக் கல்வியாண்டின் ஜூன் மாதத்திலிருந்து நாங்கள் எழுவரும் ஓர் ஒழுங்கைக் கைக்கொண்டு வருகிறோம். பெரிய சாதனை எதுவுமில்லை. பிறருக்கும் பயன்படலாம் என்பதால் எழுதுகிறோம்.

காலை 6 மணிக்கு ஊருக்குள் இருக்கும் தெருக்களில் அரை மணி நேரம் நடக்கிறோம். வாகனங்கள் விரையும் நெடுஞ்சாலைப் பக்கம் போவதில்லை. 6 மணிக்குத் தெருமுனையில் நிற்பவர்களுடன் நடை தொடங்கும். யார் வீட்டுக் கதவையும் தட்டி எழுப்புவதில்லை, வராதவளைக் கேலி செய்வதுமில்லை. பள்ளிப் பருவத்தினர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது உடலை நன்கு அசைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மீதி அரை மணியை மாலையில் பள்ளி மைதானமும், வீட்டில் நீர் இறைப்பதும் சுமப்பதும் தந்துவிடுகின்றன.

மழை வந்தால் என்ன செய்வது என்பதை மழை வருவதற்கு முன்பே முடிவு செய்துகொண்டோம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் விடியற்காலை மழை பெய்தால், அவரவர் வீட்டுக் கூடத்தில் நின்ற இடத்திலேயே பதினைந்து நிமிட ஓட்டம். விருந்தாளி வந்தால் மாலை 5 மணிக்கு நடை. பரீட்சைக் காலமானால் அரை மணி, கால் மணியாகக் குறையும், இல்லாமற் போகாது. “இன்னது நேர்ந்தால் இன்னது செய்வேன்” என்று முன்கூட்டியே வரையறுத்துக்கொள்பவர்கள் தம் எண்ணத்தை எளிதில் நிறைவேற்றுகிறார்கள் என்று பீட்டர் கோல்விட்சர் என்னும் உளவியல் அறிஞர் 1999 இல் எழுதியிருக்கிறார். அந்த நேரத்தில் மனத்துடன் வாதாட வேண்டியதில்லை என்பதே இதிலுள்ள வசதி. விடியற்காலையில் போர்வைக்குள் நடக்கும் வாதத்தில் போர்வை தோற்றதாகக் கேள்விப்பட்டதில்லை!

ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறோம். ஏழு பெயர், நாள், கட்டம். செய்தால் ஒரு குறி. செய்யாவிட்டால் ஒரு சிறு கோடு. காரணம் எழுத அதில் இடம் கிடையாது. பாராட்டு எழுதவும் இடம் கிடையாது. சிவப்பு மையும் இல்லை. எங்கள் வரவு செலவுக் கணக்கு போல அது ஒரு கணக்கு, அவ்வளவே. ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் ஒரு சோதனை செய்து பார்த்தோம். நடக்கப் புறப்படும் முன் “மனம் இருக்கிறதா?” என்றும், திரும்பி வந்த பின் “எப்படி இருக்கிறது?” என்றும் தனித்தனியே குறித்தோம். பாதிக்கு மேற்பட்ட காலைகளில் புறப்படும் முன் பெரும்பாலோர் “இல்லை” என்றே எழுதியிருந்தோம். திரும்பி வந்தபின் “நன்றாயில்லை” என்று எழுதிய நாட்கள் விரல்விட்டு எண்ணத் தக்கவை. புறப்படும் முன் மனம் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பதை அந்த ஒரு மாத நோட்டு எங்களுக்குக் காட்டிவிட்டது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். “மனத்தைக் கேட்காமல் செய் என்கிறீர்களே, உடல் சொல்வதையும் கேட்கக் கூடாதா?” என்று எங்கள் அம்மாக்களே கேட்டார்கள். நல்ல கேள்வி. காய்ச்சல், மயக்கம், மூட்டு வீக்கம், மூச்சுத் திணறல், மாதத்தில் சில நாட்கள் வரும் கடும் வலி இவை உடலின் செய்திகள். இவற்றுக்குச் செவி சாய்த்தே ஆக வேண்டும். ஓய்வு எடுக்க வேண்டும். தேவையானால் மருத்துவரைக் காண வேண்டும். சலிப்பு, வெட்கம், கோபம், போட்டி, “நேற்று விட்டுப்போயிற்றே, இனி எதற்கு?” என்னும் விரக்தி இவை மனத்தின் பேச்சுகள். இவற்றுக்கு விடை சொல்லிக்கொண்டிராமல் நடந்துவிடலாம். இரண்டையும் பிரித்தறிய எங்களுக்கு ஒரு எளிய வழி உண்டு. ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து பார்ப்போம். மனத்தின் பேச்சானால் அதற்குள் அடங்கிவிடும். உடலின் செய்தியானால் கூடும். உடனே வீடு திரும்புவோம்.

நம் வயதுப் பெண்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். உடல் நலப் பழக்கத்தில் நுழையும் உணர்ச்சிகளுள் மிகவும் கெட்டது வெட்கம். யாரோ ஒருவர் “குண்டாகிவிட்டாயே” என்று சொன்னதற்காகக் காலை உணவை விடுகிற தோழியர் நம்மிடையே உண்டு. வளரும் உடம்பைப் பட்டினி போடுவதும் நலப் பழக்கமாகுமா? கண்ணாடியைப் பார்த்து வெறுத்துத் தொடங்கிய நடை, கண்ணாடி மாறவில்லை என்றதும் நின்றுவிடும். அதனால் எங்கள் நோட்டில் எடைக்கென்று ஒரு கட்டம் வைக்கவில்லை. நடந்தோமா, காலையில் உண்டோமா, குழாய் நீரைக் கொண்டு வந்தோமா, இரவு 9.45 மணிக்குப் படுத்தோமா என்ற நான்கே கேள்விகள். களியும் கீரைக் கடைசலும் எங்கள் வீடுகளில் உண்டு. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. எலும்பு உறுதிப்படும் இந்த வயதில் அதை விட்டுவிட்டு, பொட்டலத் தீனிக்கு ஏன் போக வேண்டும்?

“இப்படி எல்லாவற்றையும் கணக்காகச் செய்தால் வாழ்க்கை இயந்திரம் போல் ஆகிவிடாதா?” என்று ஒரு தோழி கேட்டாள். எங்கள் அனுபவம் வேறாக இருக்கிறது. பால் கறக்கும் அம்மா இயந்திரமாகிவிடவில்லை. கறந்துகொண்டே பாடுகிறார், மாட்டுடன் பேசுகிறார். மகிழ்ச்சி வரட்டும், வந்தால் நல்வரவு. அது வந்தால்தான் தொடங்குவோம் என்று மட்டும் சொல்லாதிருப்போம். நடக்கத் தொடங்கிச் சில மாதங்கள் கழிந்த பின், மார்கழிப் பனியில் தோட்டங்களின் மேல் வெளிச்சம் பரவுவதைப் பார்க்கும் இன்பம் எங்களுக்குக் கேளாமலே கிடைத்தது. உணர்ச்சிகளை நட்புக்கும், கல்விக்கும், இரக்கத்துக்கும், இறைவேண்டலுக்கும் வைத்துக்கொள்வோம். அவற்றைச் செருப்பு மாட்டும் வேலைக்கு அழைப்பானேன்?

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மகள் ஒரு நாள் செய்தாள் என்று வானளாவப் புகழவும் வேண்டாம். ஒரு நாள் விட்டாள் என்று வசை பாடவும் வேண்டாம். இரண்டும் உணர்ச்சியைத்தான் வளர்க்கும். குழாய் நீருக்கு ஒரு தனிக் குடமும், காலை உணவுக்கு ஒரு நிலையான நேரமும், இரவு விளக்கணைக்க ஒரு நேரமும் வைத்துத் தாருங்கள். கைப்பேசியும் அந்த நேரத்தில் உறங்கட்டும். இவை போதும், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

தோழியரே, தொடங்க நல்ல நாள் பார்க்க வேண்டாம். ஒரே ஒரு பழக்கத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள், சிறியதாக இருக்கட்டும். அதற்கு ஒரு நேரத்தையும் ஓர் இடத்தையும் குறியுங்கள். மழைக்கும் விருந்துக்கும் பரீட்சைக்கும் மாற்று வழியை இன்றே எழுதிவையுங்கள். விட்டுப்போன நாளுக்கு ஒரு கோடு போட்டுவிட்டு மறுநாளுக்குப் போங்கள். அறுபத்தாறு நாட்கள் கழிந்த பின் எங்களிடம் வந்து சொல்லுங்கள். நூறு ஆனாலும் பரவாயில்லை; நாங்கள் காலை 6 மணிக்குத் தெருமுனையில்தான் இருப்போம்.